ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.2-இலேயே நிற்கிறதா? கம்பைல் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்

கேள்வி இது: உபுண்டு 22.04 லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர். அதில் இணைய இணைப்புகளை மறையாக்கம் செய்யும் லைப்ரரி ஓப்பன்எஸ்எஸ்எல். பாதுகாப்புச் சோதனை செய்தவர்கள் “ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.2 பழைய பதிப்பு, 2022-இல் கண்டுபிடித்த ஓட்டை இதில் இருக்கிறது, 3.0.7-க்கு மேல் ஏற்றுங்கள்” என்று சிவப்பில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆப்ட் (உபுண்டுவில் பேக்கேஜ் ஏற்றும் கருவி) வழியாக அப்டேட், அப்கிரேட் இரண்டும் போட்டாயிற்று. பதிப்பைக் கேட்டால் இன்னும் 3.0.2 என்றுதான் வருகிறது. சோர்ஸை (மூல நிரலை) இறக்கி, நாமே கம்பைல் செய்து, மேக் இன்ஸ்டால் போட்டுவிடலாமா?

வேண்டாம். நிறையப் பேர் வழி தவறுகிற இடம் இது. நானும் ஒருமுறை இதில் மாட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கமாண்டுகளை வாயால் சொல்கிற மாதிரி தமிழிலேயே எழுதுகிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 3.0.2 என்ற எண். ‘ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன்’ என்று அடித்தால் 3.0.2, 15 மார்ச் 2022 என்று வரும். உபுண்டு 22.04-இல் இருக்கும் வரை அந்த வரி மாறாது. ஓப்பன்எஸ்எஸ்எல் குழு அந்தப் பதிப்பை வெளியிட்ட நாள் அது; உங்கள் சர்வரில் இருப்பது எப்போது கட்டப்பட்டது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டப்பட்ட நாள் வேண்டுமென்றால் அதே கமாண்டோடு ‘-ஏ’ சேர்த்துப் பாருங்கள், பில்ட் தேதி தனியாக வரும்.

உபுண்டுவும் அதற்கு மூலமான டெபியனும் ஒரு வெளியீட்டை வெளியே விட்டபின் அதிலுள்ள லைப்ரரிகளின் பதிப்பைப் பெரும்பாலும் மாற்றுவதில்லை. ஓர் ஓட்டை தெரியவந்தால், புதிய பதிப்பில் அந்த ஓட்டையை அடைத்த வரிகளை மட்டும் எடுத்து, பழைய பதிப்பில் தைத்துத் தருவார்கள். புதுச் சட்டை தருவதில்லை, கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுகிறார்கள். பேக்போர்ட் என்பது இதைத்தான். காரணம் எளிது: அந்த லைப்ரரியை நம்பி என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), போஸ்ட்கிரெஸ் (தரவுத்தளம்), பைத்தான், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. பதிப்பு மாறினால் யாருக்கு எங்கே வலிக்கும் என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் அறிக்கையில் சொல்லும் ஓட்டை சிவிஇ-2022-3602 (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குத் தரும் பொது அடையாள எண்) ஆகத்தான் இருக்க வேண்டும். 3.0.0 முதல் 3.0.6 வரை பாதிப்பு. 2022 நவம்பர் 1 அன்று 3.0.7-இல் சரிசெய்தார்கள். ஒரு வாரம் முன்பே “மிகக் கடுமையானது” என்று அறிவித்துவிட்டதால் உலகம் முழுக்க சர்வர் பார்க்கிறவர்கள் தூக்கமில்லாமல் காத்திருந்தார்கள். கடைசியில் ஒரு படி இறக்கி “கடுமையானது” என்று வெளியிட்டார்கள். அதே நாளில் உபுண்டு 22.04-க்கு வந்த பேக்கேஜின் எண் 3.0.2-0உபுண்டு1.7. அதாவது ஓட்டை அடைபட்ட பதிப்புக்கும் பெயர் 3.0.2-தான். ஸ்கேனர் ஹைஃபனுக்கு முன்னால் இருப்பதை மட்டும் படித்துவிட்டு, 3.0.7-ஐவிடச் சிறியது, எனவே ஓட்டை என்று சிவப்படிக்கிறது.

அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஹைஃபனுக்கு முன் 3.0.2, அது மூலக் குழுவின் பதிப்பு. பின்னால் இருக்கும் 0, இந்தப் பதிப்பு டெபியனிலிருந்து அப்படியே எடுத்ததல்ல என்பதற்கான குறி. உபுண்டு1 என்பது உபுண்டு கட்டியது. புள்ளிக்குப் பின் வரும் 7, அதற்கு மேல் போட்ட ஒட்டுகளின் வரிசை. நீங்கள் பார்க்க வேண்டியது இந்தக் கடைசி எண்ணை.

அதைப் பார்க்கும் கமாண்ட்: ‘ஆப்ட்-கேஷ் பாலிசி லிப்எஸ்எஸ்எல்3’. பேக்கேஜ் பெயருக்குக் கீழே இரண்டு வரிகளில் இன்ஸ்டால்ட் என்றும் கேண்டிடேட் என்றும் வரும். இருப்பது ஒன்று, கிடைக்கக்கூடியது ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்து, 1.7 ஆகவோ அதற்கு மேலோ இருந்தால் அந்தக் குறிப்பிட்ட ஓட்டை உங்கள் டிஸ்கில் இல்லை. ‘டிஸ்கில்’ என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு அப்புறம் வருகிறேன். கீழே வரும் பட்டியலில் எந்தெந்தப் பதிப்பு எந்தெந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்றிருக்கும். அதில் ‘ஜாமி-செக்யூரிட்டி’ (ஜாமி என்பது 22.04-இன் செல்லப்பெயர்) என்ற வரியே காணோமென்றால், யாரோ சோர்சஸ் கோப்பில் கை வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு அப்டேட் உங்களுக்கு வராமல் போகலாம் என்று அர்த்தம். அது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம்.

பேக்கேஜ் பெயரையும் கவனியுங்கள். ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ என்ற பேக்கேஜ் நாம் கையால் அடிக்கும் கமாண்ட் மட்டும்தான். என்ஜின்எக்ஸும் எஸ்எஸ்எச்சும் பயன்படுத்தும் லைப்ரரி ‘லிப்எஸ்எஸ்எல்3’ என்ற பேக்கேஜில் இருக்கிறது. கம்பைல் செய்வதற்கு வேண்டிய ஹெடர் கோப்புகள் ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’. உபுண்டு 24.04-க்கு நாளை மாறினால் லைப்ரரியின் பெயர் ‘லிப்எஸ்எஸ்எல்3டி64’ ஆகிவிடும். 2038-ஆம் ஆண்டு நேரக் கணக்குச் சிக்கலுக்காக 32-பிட் கணினிகளில் நேரத்தை 64-பிட்டாக மாற்றியபோது நிறையப் பேக்கேஜ்களுக்கு இந்த வால் முளைத்தது. பழைய ஸ்கிரிப்டில் பெயரை எழுதி வைத்திருந்தால் அங்கே உடையும். எந்தக் கோப்பு எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தது என்று சந்தேகம் வந்தால் ‘டிபிகேஜி’ (ஆப்டுக்கு அடியில் பேக்கேஜை நிறுவும் கருவி) கமாண்டோடு பெரிய எழுத்து ‘-எஸ்’ போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள்.

ஆடிட்டருக்குப் பதில் எழுத ஆதாரம் வேண்டுமே? ‘ஆப்ட் சேஞ்ச்லாக் லிப்எஸ்எஸ்எல்3’ போடுங்கள். முழு வரலாறும் இறங்கும். அதில் சிவிஇ எண்ணைத் தேடினால், எந்த ஒட்டில், என்ன தேதியில், எந்தப் பேட்ச் கோப்பால் சரியானது என்று எழுதியிருக்கும். டிஸ்கிலேயே ‘/யூஎஸ்ஆர்/ஷேர்/டாக்’ அடியில் ஒரு சேஞ்ச்லாக் இருக்கும்தான், ஆனால் உபுண்டு அதில் கடைசிச் சில பதிவுகளோடு நறுக்கி வைத்திருக்கும், பழையது கிடைக்காது. அந்தப் பத்தியைப் படம் பிடித்து, பாலிசி கமாண்டின் வெளியீட்டோடு சேர்த்து அனுப்புங்கள். நல்ல ஆடிட்டர் ஒரே மடலில் புரிந்துகொள்வார். புரியாதவருக்கு உபுண்டுவின் பாதுகாப்பு அறிவிப்பு எண் யூஎஸ்என்-5710-1 என்பதையும் சேர்த்துவிடுங்கள். எண் இருந்தால் அவர் அறிக்கையில் ஒரு கட்டத்தை நிரப்பிவிடலாம், அவருக்கும் வேலை முடியும்.

சரி, கம்பைல் செய்தால் என்ன ஆகும்? நடந்ததைச் சொல்கிறேன். இதே மாதிரி ஓர் அறிக்கை, இதே 22.04. கூட வேலை பார்த்த தம்பி ஒருவர் 3.2-ஐ இறக்கி, கான்ஃபிக், மேக், மேக் இன்ஸ்டால் என்று ஒரு மதியத்தில் முடித்துவிட்டார். 64-பிட் லினக்ஸில் அது போய் உட்காரும் இடம் ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்64’. அந்த இடத்தை உபுண்டு தேடுவதே இல்லை. அதனால் புது கமாண்ட் பழைய லைப்ரரியோடு ஓடப் பார்த்து, வேண்டிய வெர்ஷன் இல்லை என்று எரர். இணையத்தில் கிடைத்த வைத்தியப்படி ‘எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி’ அடியில் ஒரு கோப்பு வைத்து அந்த இடத்தைச் சேர்த்து, லைப்ரரி தேடும் பட்டியலைப் புதுப்பிக்கும் ‘எல்டிகான்ஃபிக்’ ஓட்டினார். இப்போது கமாண்ட் 3.2 என்று காட்டியது. ‘முடிந்தது அண்ணா’ என்றார்.

பத்து நிமிடம் கழித்து வேறொருவர், சர்வருக்குள் நுழைய முடியவில்லை என்றார். தம்பியின் ஜன்னல் மட்டும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. அங்கேயிருந்து எஸ்எஸ்எச் சர்வரைச் சோதிக்கும் ‘எஸ்எஸ்எச்டி -டி’ போட்டுப் பார்த்தோம். ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்பு பொருந்தவில்லை. கட்டப்பட்டது 30000020-ஐ (அதாவது 3.0.2-ஐ) வைத்து, கையில் இருப்பது 302-இல் தொடங்கும் எண் (அதாவது 3.2) என்று ஒரே வரி. எஸ்எஸ்எச் சர்வர் புதிதாக ஒரு இணைப்பு வரும்போதெல்லாம் தன்னைத்தானே மறுபடி ஓட்டிக்கொள்ளும். அப்போது லைப்ரரியையும் புதிதாகத் தேடும். தேடும் பட்டியலில் தம்பியின் 3.2 முதலில் நின்றது. 3.0-ஐ வைத்துக் கட்டிய அந்த எஸ்எஸ்எச் 3.2-ஐப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டது. ஏற்கெனவே உள்ளே இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாக வருகிறவர் எவருக்கும் இடமில்லை.

அந்த ஒரு ஜன்னலை மூடியிருந்தால் டேட்டா சென்டருக்குப் போன் போட்டுக் கன்சோல் கேட்டு நின்றிருப்போம். அந்தக் கான்ஃப் கோப்பை அழித்து, ‘எல்டிகான்ஃபிக்’கை மறுபடி ஓட்டினோம், அவ்வளவுதான், சரியானது. அன்றிலிருந்து லைப்ரரியைத் தொடும் எந்த வேலைக்கும் இரண்டு எஸ்எஸ்எச் ஜன்னல் திறந்து வைத்துக்கொள்வேன். வேலை முடிந்ததும் மூன்றாவதாக ஒன்று திறந்து பார்த்துவிட்டுத்தான் முதல் இரண்டையும் மூடுவது.

இப்படி உடனே உடைந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றுகூடச் சொல்வேன். உடையாமல் ஓடியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அடுத்த மாதம் ஒரு புதிய ஓட்டை வரும், ஆப்ட் தன் லைப்ரரியைச் சமர்த்தாகப் புதுப்பிக்கும், ஆனால் புரோகிராம்கள் எடுத்துக்கொள்வது தம்பி கட்டியதை. அது எந்தப் பட்டியலிலும் இல்லை, அதற்கு யாரும் ஒட்டுப் போடப் போவதில்லை. மூலக் குழுவே 3.0 வரிசைக்கு 2026 செப்டம்பர் 7 வரைதான் ஆதரவு என்று சொல்லியிருக்கிறது, உபுண்டுவோ 22.04-இல் இருக்கும் அதே 3.0.2-க்கு 2027 வரை ஒட்டுப் போடுவதாகச் சொல்கிறது. பேக்கேஜை விட்டு வெளியே போனால் இந்த உழைப்பெல்லாம் நமக்கு இல்லாமல் போகும்.

இப்போது ‘டிஸ்கில்’ என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். உங்கள் ஸ்கேனர் கவலைப்படாத, ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

டிபிகேஜி ஒரு லைப்ரரியைப் புதுப்பிக்கும்போது பழைய கோப்பின் மேல் எழுதுவதில்லை. புதியதைப் பக்கத்தில் வேறு பெயரில் இறக்கிவைத்து, அப்புறம் பெயரை மாற்றி அந்த இடத்தில் வைக்கிறது. பழைய கோப்புக்குப் பெயர் போய்விடும், ஆள் போவதில்லை. அதை ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்கும் என்ஜின்எக்ஸ், அதையே பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதம் ரீஸ்டார்ட் இல்லாமல் ஓடினால் ஆறு மாதமும் ஓட்டையுள்ள லைப்ரரிதான். ஆப்ட் மட்டும் எல்லாம் புதியது என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

2014 ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது இதுதான் பலருக்கு நடந்தது. அப்போதைய டெபியன் வீஸியில் 1.0.1இ இருந்தது, ஒட்டுப் போட்ட பேக்கேஜ் 1.0.1இ-2+டெப்7யூ5. அப்கிரேட் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் வெப் சர்வர், ரீஸ்டார்ட் ஆகும் வரை நினைவகத்தைக் கசியவிட்டுக்கொண்டேதான் இருந்தது. அதனால் டெபியன் உடனே யூ6 என்று இன்னொன்றை வெளியிட்டு, எந்தெந்தச் சேவைகளை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று நிறுவும்போதே கேட்க வைத்தது. (ஆப்ட் 1.0 வந்து, ‘ஆப்ட்-கெட்’ என்று நீட்டி முழக்காமல் ‘ஆப்ட்’ என்று அடிக்கலாம் என்று ஆனது அதற்கு ஆறே நாள் முன்பு, ஏப்ரல் 1-இல். முட்டாள்கள் தின விளையாட்டென்று நினைத்தவர்களும் உண்டு.)

உங்கள் சர்வரில் இதைப் பார்க்க, எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் ‘சூடோ எல்எஸ்ஓஎஃப்’ ஓட்டி, அதன் வெளியீட்டை ‘கிரெப் லிப்எஸ்எஸ்எல்’ வழியாக அனுப்புங்கள். ஒவ்வொரு வரியிலும் புரோகிராமின் பெயர், எண், யூசர், அப்புறம் ஒரு சின்னச் சொல். அது ‘எம்இஎம்’ என்றிருந்தால் சரி, இப்போது டிஸ்கில் உள்ள கோப்பையே பயன்படுத்துகிறது. ‘டிஇஎல்’ என்றிருந்தால் அழிக்கப்பட்ட கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எல்எஸ்ஓஎஃப் இல்லாத சர்வரில் ‘/ப்ராக்’ அடியில் ஒவ்வொரு புராசஸின் ‘மேப்ஸ்’ கோப்பிலும் ‘டெலீட்டட்’ என்ற சொல்லைத் தேடினாலும் இதே விடைதான்.

இங்கே ஒரு நுணுக்கம். என்ஜின்எக்ஸுக்கு ரீலோட் போதாது. ரீலோட் போட்டால் தலைமைப் புராசஸ் அப்படியே இருந்துகொண்டு, தன்னிலிருந்தே புதிய வேலையாட்களைப் பிறப்பிக்கும்; தாய் பிடித்திருக்கும் பழைய லைப்ரரிதான் பிள்ளைகளுக்கும். ரீஸ்டார்ட் போட வேண்டும். ஒரு நொடிகூட நிறுத்த முடியாத தளமென்றால், தலைமைப் புராசஸுக்கு யூஎஸ்ஆர்2 சிக்னல் அனுப்பிப் புதிய தலைமையை எழுப்பும் வழி இருக்கிறது. எஸ்எஸ்எச்சை ரீஸ்டார்ட் செய்யப் பயப்பட வேண்டாம், திறந்திருக்கும் இணைப்புகள் அறுவதில்லை.

உபுண்டு 22.04 சர்வரில் ‘நீட்ரீஸ்டார்ட்’ என்ற கருவி கூடவே வருகிறது. அப்கிரேட் முடிந்ததும் ஊதா நிறத் திரையில் எதை ரீஸ்டார்ட் செய்யட்டும் என்று கேட்பது அதுதான். பலர் எரிச்சலோடு எஸ்கேப் தட்டிவிடுகிறார்கள். தட்டாதீர்கள், நிதானமாகப் படித்து ஓகே கொடுங்கள். தானாக ஓடும் அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸில் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார், அதனால் லைப்ரரி என்றோ புதிதாகியிருக்கும், சேவை மட்டும் பழையதிலேயே நிற்கலாம். ‘சூடோ நீட்ரீஸ்டார்ட்’ என்று நீங்களாகவே எப்போது வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். லிப்சி6 மாதிரி எல்லாரும் பிடித்திருக்கும் லைப்ரரி புதுப்பிக்கப்பட்டால் நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன், நேரம் குறித்து ரீபூட்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு லைப்ரரியை மட்டும் ஏற்ற ‘ஆப்ட்-கெட் இன்ஸ்டால்’ கமாண்டில் ‘--ஒன்லி-அப்கிரேட்’ சேர்த்து லிப்எஸ்எஸ்எல்3 என்று கொடுங்கள். முதலில் ‘-எஸ்’ போட்டு ஒத்திகை பாருங்கள். எதையும் தொடாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும். ‘ரிமூவ்’ என்ற சொல் அதில் எங்கேயாவது வந்தால் நிறுத்திவிட்டு யோசியுங்கள். ஸ்கிரிப்டில் ‘ஆப்ட்’ வேண்டாம், ‘ஆப்ட்-கெட்’ போடுங்கள். ஆப்டின் வெளியீடு மாறலாம் என்று அதுவே எச்சரிக்கிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு: ஆப்ட்-கெட் இறக்கிய டெப் கோப்புகளை ‘/வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ்’ அடியில் விட்டு வைக்கும், ஆப்ட் வேலை முடிந்ததும் அழித்துவிடும். பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டிய நாளில் அந்தக் கோப்பு கையில் இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம்.

பூட்டு இருக்கிறது, காத்திருக்கிறேன் என்று ஆப்ட் நின்றால் அந்த லாக் கோப்பை அழிக்கச் சொல்லும் ஆலோசனை நிறைய இடங்களில் இருக்கும். அழிக்காதீர்கள். பெரும்பாலும் பின்னணியில் அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு நிமிடம் பொறுத்தால் தானாக விடும். பாதியில் இரண்டு பேர் டிபிகேஜியின் கணக்கில் கை வைத்தால், கணக்கு எங்கே கெட்டது என்று தேடவே ஒரு நாள் போய்விடும். யார், எப்போது, என்ன ஏற்றினார்கள் என்பது ‘/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்’ கோப்பில் கமாண்டோடு எழுதியிருக்கும். புதிதாக ஒரு சர்வர் என் கைக்கு வந்தால் முதலில் படிப்பது அதைத்தான்.

ஆப்ட் கைவைக்க முடியாத இடங்களும் இருக்கின்றன, அறிக்கையில் அவை வராமல் போனாலும் பாருங்கள். டாக்கர் கன்டெய்னருக்குள் தனி லைப்ரரி. வெளியே எத்தனை அப்கிரேட் போட்டாலும் உள்ளே ஒன்றும் மாறாது, இமேஜையே புதிதாகக் கட்ட வேண்டும். நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் கருவி) பெரும்பாலும் தனக்கென்று ஒரு ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும். பைத்தானில் பிப் வழியாக வரும் ‘கிரிப்டோகிராஃபி’, ‘சைகோபிஜி2-பைனரி’ போன்றவையும் அப்படித்தான். உண்மையான ஓட்டை பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும், அந்த 3.0.2-இல் இல்லை.

ஒருவேளை பாலிசி கமாண்டில் இன்ஸ்டால்ட் எண் கேண்டிடேட்டைவிடப் பின்தங்கி, அப்கிரேட் போட்டும் ஏறாமல் இருந்தால் ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ போட்டுப் பாருங்கள். முன்பு இருந்த யாரோ லிப்எஸ்எஸ்எல்3-ஐ ஹோல்டில் (புதுப்பிக்காமல் நிறுத்தி) வைத்துவிட்டுப் போயிருக்கலாம். இருந்தால் ‘ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட்’. ஆனால் எடுப்பதற்கு முன் ஹிஸ்டரி லாகைப் பார்த்து, எந்தத் தேதியில் எதற்காக அப்படிச் செய்தார் என்று ஊகிக்க முடிகிறதா என்று பாருங்கள். பழைய ஜாவா செயலி ஏதாவது உடைந்திருக்கும், அல்லது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போகிற அவசரமாக இருந்திருக்கும்.